வல்லினம் வந்த வழி: அண்ணப் பிளவு அறுவைக்குப் பின் எங்கள் மகளின் பேச்சு

எங்கள் மகள் ஒன்றரை வயதில் தெளிவாகச் சொன்ன சொற்கள் இரண்டு: 'அம்மா', 'அண்ணா'. என்னைப் பார்த்துக் கையை நீட்டும்போதும் அவள் 'அம்மா' என்றே சொன்னாள். தாயிடம் உள்ள ஒட்டுதலால் எல்லோரையும் அப்படி அழைக்கிறாள் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அவள் அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை நடுவில் சேராமல், பிறந்தவள். 11-ஆம் மாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, தையல் நன்றாக ஆறி, பால் மூக்கு வழியாக வருவதும் நின்றுவிட்டதால், பிளவு தொடர்பான எல்லாமே முடிந்துவிட்டதாக நாங்கள் நம்பியிருந்த காலம் அது. அவள் என்னை 'அப்பா' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தாள் என்பதும், அந்தச் சொல்லின் ப் அவள் வாயில் ம் ஆகிக்கொண்டிருந்தது என்பதும் எனக்கு ஓர் ஆண்டு கழித்தே தெரிந்தன. இதே நிலையில் உள்ள பெற்றோருக்கு அப்படி ஓர் ஆண்டு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ப் எப்படி ம் ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை பெரும்பாலும் புரிந்துவிடும். வாயின் மேற்கூரையில் முன்பகுதி எலும்பாலானது. நாக்கால் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால் எலும்பு முடிந்து, தசையாலான மெல்லண்ணம் தொடங்கும். அதன் நுனியில் உள்நாக்கு தொங்கும். நாம் பேசும்போது இந்த மெல்லண்ணம் மேலும் பின்னுமாக எழுந்து, தொண்டையின் பின்சுவரோடு சேர்ந்து, மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. அப்படி அடைபட்டால்தான் காற்று வாய்க்குள் தேங்கி அழுத்தம் பெறும். அந்த அழுத்தத்தை உதட்டில் விடுவித்தால் ப், பல்லருகே விடுவித்தால் த், நாக்கின் பின்புறத்தில் விடுவித்தால் க். ம், ந், ங் போன்றவற்றுக்கு மட்டும் மெல்லண்ணம் தாழ்ந்து மூக்கைத் திறந்துவிடுகிறது. பள்ளியில் நாம் மனப்பாடமாகப் படித்த வல்லினமும் மெல்லினமும் இவைதாம். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று இன எழுத்துகளை இணையிணையாகச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த ஒவ்வோர் இணையிலும் நாக்கோ உதடோ பொருந்தும் இடம் ஒன்றுதான். மூக்குவழி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதே வேறுபாடு. அந்த வழியை அடைக்க முடியாத குழந்தை ப சொல்ல முயன்றால், உதடு சரியாகவே மூடும். காற்று மூக்கில் போய்விடுவதால் பிறப்பது ம. 'அம்மா', 'அண்ணா' இரண்டிலும் மெல்லினமே இருந்ததால்தான் அவை அவளுக்குத் தடையின்றி வந்தன. 'அப்பா', 'தாத்தா', 'பாட்டி' என்று ஒற்று இரட்டித்து வரும் சொற்களில் அழுத்தத்தைச் சற்று நேரம் பிடித்து வைக்க வேண்டியிருப்பதால், அவையே முதலில் உடைந்தன.

பிளவோடு பிறக்கும் குழந்தைக்கு மெல்லண்ணத்தை உயர்த்தும் தசைகள் நடுவில் ஒன்றோடொன்று இணையாமல், இரு பக்கமும் பிரிந்து முன்னோக்கி ஓடி, எலும்பின் ஓரத்தில் போய் ஒட்டியிருக்கும். அறுவை சிகிச்சையில் பிளவை மூடுவது வெளியே தெரியும் வேலை. அந்தத் தசைகளை விடுவித்துப் பின்னுக்குத் திருப்பி நடுவில் இணைப்பதுதான் பேச்சுக்கான வேலை. அதை எந்த வயதில் செய்வது என்பது பற்றி 2023-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள 558 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 6 மாதத்திலும் மற்றொரு பிரிவினருக்கு 12 மாதத்திலும் அறுவை செய்து, 5 வயதில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். மதிப்பிட முடிந்தவர்களில் மூக்குவழி சரிவர அடைபடாதவர்கள் முதல் பிரிவில் 8.9 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 15 விழுக்காடு. இதைப் படித்த அன்று, முன்னதாகவே செய்திருக்கலாமே என்று நான் வருந்தியது உண்மை. ஆனால் குழந்தையின் எடை, மூச்சுவழி, மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலை, பிளவின் அகலம் என்று மருத்துவர் பார்க்க வேண்டியவை பல உள்ளன. தவிர, 12 மாதத்தில் அறுவை செய்துகொண்ட குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோருக்கு நன்றாகவே அடைபட்டிருக்கிறது என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. நடந்து முடிந்த தேதியைப் பற்றி வருந்துவதைவிட, அறுவைக்குப் பின் வரும் மாதங்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் பெற்றோர் கவனம் வைக்கலாம்.

அந்த மாதங்களில்தான் நாங்கள் தவறினோம். பொதுவாகக் குழந்தைகள் 6 முதல் 10 மாதத்துக்குள் 'பபப', 'ததத' என்று மழலை அடுக்கத் தொடங்குகிறார்கள். எங்கள் மகள் அந்தப் பருவத்தில் 'மமம' என்றாள், தொண்டைக்குள் உறுமினாள், உயிரொலிகளை நீட்டினாள். திறந்த அண்ணத்தோடு அவளால் செய்ய முடிந்தவை அவைதான். அழுத்தம் வாயில் நிற்காது என்று அறிந்துகொண்ட குழந்தை, காற்று நழுவிப் போவதற்கு முன்பே, குரல்வளையிலேயே அதைச் சட்டென வெட்டி நிறுத்தப் பழகிக்கொள்வதுண்டு. பெரியவர்கள் இருமுவதற்கு முன் தொண்டை ஒரு கணம் அடைபடுகிறதே, அதுபோன்ற ஒரு வெட்டு. அவள் 'தாத்தா' என்பதை 'ஆ-ஆ' என்று இடையில் வெட்டிச் சொன்னது அப்படித்தான். அறுவை சிகிச்சை அண்ணத்தை மாற்றும். அதற்கு முன்பே படிந்துவிட்ட பழக்கத்தை அது மாற்றாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 'மூன்று வயது வரை பொறுங்கள், பேச்சு தானாக வந்துவிடும்' என்று நாங்கள் மதித்த ஒருவர் சொன்னார். பேச்சு வரத் தாமதமான வேறு குழந்தைகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கலாம். அண்ணப் பிளவுள்ள குழந்தைக்கு அந்த அறிவுரை பொருந்தாது. தையல் ஆறியவுடனேயே பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறை பார்ப்பதும், ஒன்றரை வயதுக்குள் மீண்டும் பார்ப்பதும் நல்லது என்று இப்போது எவர் கேட்டாலும் தயங்காமல் சொல்கிறேன். அந்த வயதில் பயிற்சி என்பது குழந்தையை உட்கார வைத்துச் சொல்லச் சொல்வதாக இருக்காது. எந்த ஒலிக்கு நாம் மகிழ்ந்து எதிரொலிக்க வேண்டும், எதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று பெற்றோருக்குக் கற்றுத் தருவதாகத்தான் இருக்கும். அவள் உறுமும்போதெல்லாம் நாங்களும் விளையாட்டாகத் திருப்பி உறுமினோம். அது அவளுடைய தொண்டை ஒலிகளுக்கு நாங்களே கொடுத்த ஊக்கம் என்று பின்னாளில் தெரிந்தபோது மிகவும் வலித்தது.

இரண்டாவதாக நாங்கள் தவறவிட்டது செவி. நடுச்செவிக்குக் காற்று போய்வரும் குழாயைத் திறக்கும் தசையும் அண்ணத்தோடு சேர்ந்ததே என்பதால், அண்ணப் பிளவுள்ள கைக்குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்குமே ஏதோ ஒரு கட்டத்தில் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்கிறது. அறுவை முடிந்துவிட்டதாலேயே அது நின்றுவிடுவதில்லை. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, காதில் எதுவும் வடியாது. கதவு அடித்தால் எங்கள் மகள் திரும்பிப் பார்த்தாள், அண்ணன் சத்தமாகக் கூப்பிட்டால் ஓடினாள்; ஆகவே செவியில் குறை இருக்குமென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வயதில் பரிசோதித்தபோது இரு செவிப்பறைகளுமே அசையவில்லை. விரலால் காதை அடைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் அவள் எங்களைக் கேட்டிருக்கிறாள்: குரல் கேட்கும், ப-வுக்கும் த-வுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு கேட்காது. கேட்காத ஒலியை எப்படிச் சொல்வாள்? செவிப்பறையில் கிராமெட் என்னும் சிறு குழாயைப் பொருத்திய ஒரு வாரத்திலேயே, மெல்லிய சத்தங்களுக்கு அவள் தலையைத் திருப்புவதைக் கண்டோம். அக்குழாய் சில மாதங்களில் தானாகவே விழுந்துவிடும், நீர் மறுபடி கோக்கவும் கூடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செவியைப் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. பேச்சு முன்னேறாமல் நின்றுவிட்டதாகத் தோன்றினால், பயிற்சியில் குறை தேடுவதற்கு முன் செவியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளரை நாங்கள் முதன்முதலாகச் சந்தித்தபோது அவளுக்கு வயது இரண்டரை. அவர் அவளோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் விளையாடினார். பிறகு என்னைக் காட்டி 'இது யார்?' என்று கேட்டார். அவள் வழக்கம்போல் 'அம்மா' என்றாள். அவர் விளையாட்டுப் போலவே அவள் மூக்கை இரு விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அவள் அதே சொல்லைத்தான் சொன்னாள். வெளியே வந்தது 'அப்பா'. என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்ட சொல் அது. என் மகள் அதை ஓர் ஆண்டாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், என் காதில்தான் அது விழவில்லை.

அடுத்து அவர் 'தாத்தா' சொல்லச் சொன்னார். மூக்கைப் பிடித்தபோதும் விட்டபோதும் அதே தொண்டை வெட்டுதான் வந்தது, எந்த மாற்றமும் இல்லை. இந்த வேறுபாட்டை அவர் விளக்கியதுதான் எனக்கு இன்றுவரை உதவும் பாடம். மூக்கைப் பிடித்தால் ஒலி சரியாகிறது என்றால், நாக்கும் உதடும் தம் வேலையைச் சரியாகச் செய்கின்றன, காற்று கசிவதுதான் குறை. மூக்கைப் பிடித்தும் மாறவில்லை என்றால், ஒலி பிறக்கும் இடமே தவறாகப் பழகியிருக்கிறது. பழக்கம் பயிற்சியால் மாறும். அண்ணம் உண்மையிலேயே எட்டாததால் வரும் கசிவு எத்தனை ஆண்டு பயிற்சி செய்தாலும் மாறாது, அதற்கு மருத்துவர்தான் வழி காண வேண்டும். ஒரே குழந்தையிடம் இரண்டும் கலந்திருக்கலாம், எங்கள் மகளிடம் அப்படித்தான் இருந்தது. இதை வீட்டில் ஒருமுறை செய்து பார்ப்பதில் தவறில்லை, ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். மேலும், பார்க்கும் போதெல்லாம் மூக்கைப் பிடித்தால் குழந்தை வாய் திறக்கவே அஞ்சும்.

ஊதும் பயிற்சிகளைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பயிற்சியாளரிடம் போவதற்கு முந்தைய ஆறு மாதம், பிறர் சொல்லக் கேட்டு, விசில், பலூன், உறிஞ்சுகுழல் என்று நாள்தோறும் ஊத வைத்தோம். அண்ணத்துத் தசை வலுப்பெறும் என்று நம்பினோம். அவள் விசிலை நன்றாக ஊதவும் கற்றுக்கொண்டாள். ஊதி முடித்து என்னைப் பார்த்து 'அம்மா' என்றாள். ஊதும்போது மெல்லண்ணம் மூடும் விதம் வேறு, நொடிக்குப் பலமுறை திறந்து மூடிப் பேசும் விதம் வேறு. ஊதுவதால் பேச்சு சீராவதில்லை என்பது துறை சார்ந்தவர்களிடையே நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் இந்தப் பரிந்துரை இன்னும் வாய்வழியாகப் பரவிக்கொண்டிருக்கிறது. விளையாட்டாகக் குழந்தை ஊதட்டும். அதைப் பயிற்சி என்று எண்ணிக் காலத்தைச் செலவிட வேண்டாம். பேசித்தான் பேச்சு வரும்.

எங்கள் பயிற்சி ப-வில் தொடங்கியது. உதட்டில் பிறப்பதால் அது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் ஒலி. முதலில் குரலே இல்லாமல், கிசுகிசுப்பாக, உதட்டைச் சேர்த்துத் திறந்து காற்றை மட்டும் விடுவது. அவள் வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்தால் அது அசையும், அதைப் பார்த்து மகிழ்வாள். அடுத்து, அந்தக் காற்றோடு 'ஹா' என்பதைச் சேர்த்து மெதுவாகப் 'பா'வுக்கு வருவது. இடையில் ஹ வரும்போது தொண்டை திறந்தே இருக்க வேண்டியிருப்பதால், பழைய வெட்டு நுழைய இடமில்லாமல் போகிறது. சொற்களுக்கு வந்தபோது நான் பெரிய தவறு செய்ய இருந்தேன். பந்து, பாம்பு, பழம் என்று அவளுக்குப் பிடித்த படங்களை வெட்டி ஒட்டி ஓர் ஏடு தயாரித்துக்கொண்டு போனேன். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சொல்லிலும் உள்ள ந், ம் ஆகியவற்றைக் காட்டினார். மெல்லினம் அருகில் இருந்தால் மூக்கு திறந்துகொள்ளும், ப-வும் அதோடு சேர்ந்து ஒழுகிவிடும் என்றார். பூ, பை, பல், பாய், புலி என்று மெல்லினம் கலவாத சொற்களால் புதிய ஏடு ஒன்று செய்தோம். தமிழில் அப்படிப்பட்ட சொற்களைத் தேடுவது எளிதன்று. பெயர்ச்சொற்களில் பல 'அம்' என்று முடிகின்றன. அந்த ஏட்டைத் தொகுத்த மாலை நேரங்களில் என் மொழியின் ஒலிகளை நான் முதன்முறையாக உற்றுக் கேட்டேன்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கைந்து தடவை என்பதே எங்களுக்குப் பொருந்தியது. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட அது மிகுந்த பயன் தந்தது. அந்த ஐந்து நிமிடங்களுக்கு வெளியே அவள் பேச்சைத் திருத்துவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டோம். 'சரியாகச் சொல்', 'இன்னொரு தடவை சொல்' என்று கேட்டுக்கொண்டே இருந்த நாட்களில் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, கையால் காட்டத் தொடங்கியிருந்தாள். அவள் 'மூ' என்று பூவைக் காட்டினால், 'ஆமாம், பூ! சிவப்புப் பூ!' என்று நாங்கள் சரியான வடிவத்தை மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்லிவிட்டு, பேச்சைத் தொடர்வோம். அவள் சொல்ல வந்த பொருளுக்கு முதலில் பதில், ஒலிக்கு அதற்குப் பிறகுதான் இடம். இதைப் பாட்டிக்குப் புரியவைக்கச் சிறிது காலம் ஆயிற்று. பேத்தி மேல் உள்ள அன்பால்தான் அவர் ஓயாமல் திருத்தினார். அண்ணனிடம் வேறு சிக்கல் இருந்தது. தங்கை சொல்வது அவனுக்கு மட்டும் முழுமையாகப் புரியும் என்பதால், அவள் வாய் திறக்கும் முன்பே 'அவளுக்குத் தண்ணீர் வேண்டுமாம்' என்று அவனே சொல்லிவிடுவான். 'அவள் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை காத்திரு, கேட்டால் மட்டும் உதவு' என்று சொன்னோம். ஏழு வயதுப் பையன் அதைக் கடைப்பிடித்த பொறுமை என்னை வியக்க வைத்தது.

மூன்று வயதில் ப நிலைத்தது, மூன்றரையில் த-வும் ட-வும் வந்தன. க-தான் கடினமாக இருந்தது. அது வாயின் பின்புறம் பிறப்பதால் கண்ணால் காட்ட முடியாது; தொண்டைக்கு அருகில் இருப்பதால் பழைய வெட்டு அதில்தான் ஆழமாகப் பதிந்திருந்தது. பயிற்சியாளர் அதன் இன எழுத்தான ங-விலிருந்து தொடங்கினார். ங் அவளுக்கு எளிதாக வரும். நாக்கின் பின்பகுதி எங்கே தொட வேண்டுமோ அங்கே ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும். 'ங்ங்ங்' என்று நீட்டச் சொல்லி, மூக்கை மெல்லப் பிடித்து, நாக்கை விடச் சொன்னால் 'கா' வெடித்தது. பல வாரம் அப்படிச் செய்தபின் மூக்கைப் பிடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

நான்கரை வயதில் அவள் எல்லா இடங்களிலும் நாக்கைச் சரியாகவே வைத்தாள், ஆனாலும் நீண்ட வாக்கியங்களில் குரல் மூக்கில் ஒலித்தது, களைப்பான மாலைகளில் அயலார்க்குப் புரியாமல் போயிற்று. 'பாப்பா பூப் பறித்தாள்' என்பது போன்ற மெல்லினமே இல்லாத வாக்கியத்தைச் சொல்லும்போது மூக்கின் கீழே பிடித்த சிறு கண்ணாடியில் ஆவி படிந்தது. இனிப் பயிற்சியால் ஆவது குறைவு, மெல்லண்ணம் எட்டுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் தாமாகவே சொன்னார். தம் பயிற்சியின் எல்லையை இப்படித் திறந்து சொன்ன நேர்மைக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்திப் பேசச் சொல்லிப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி சோதனை அது. குழந்தை ஒத்துழைத்துப் பேசினால்தான் பயனுண்டு என்பதால் இந்த வயது வரை காத்திருக்கிறார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் பொம்மைக்கு அந்தச் சோதனையைச் செய்து விளையாடினோம். சோதனை அறையில் அவள் அழாமல் 'பபப', 'ககக' என்று சொன்னாள். திரையில் மெல்லண்ணம் எழுவது தெரிந்தது. நடுவில் ஒரு சிறிய இடைவெளி மட்டும் மூடாமல் நின்றது.

முதல் அறுவைக்குப் பின்னும் இப்படி இடைவெளி எஞ்சுவது அரிதன்று, அது பெற்றோரின் குறையோ குழந்தையின் குறையோ ஆகாது. இடைவெளியின் அளவையும் தொண்டைச் சுவர்கள் அசையும் விதத்தையும் பொறுத்து, தொண்டையின் பின்சுவரிலிருந்து ஒரு சதை மடலை எடுத்து அண்ணத்தோடு தைப்பது, பக்கச் சுவர்களைக் கொண்டு வழியைக் குறுக்குவது, அண்ணத்தையே நீட்டுவது எனச் சில வழிகள் உண்டு. வழியைக் குறுக்கும் முறைகளில் குறட்டையும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் வர வாய்ப்பிருப்பதால், குழந்தை எப்படி உறங்குகிறது என்பதை மருத்துவரிடம் முன்பே விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மகளின் இடைவெளி சிறியது என்பதால், 1986-இல் லியோனார்ட் ஃபர்லோ விவரித்த முறைப்படி தசையைத் திருப்பி அடுக்கி அண்ணத்தை நீட்டினார்கள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. வீக்கம் வற்றியபின் குரலின் மூக்கொலி படிப்படியாகக் குறைந்தது. அன்று ஒரு செய்தியையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார்: மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு சதை, சிறு வயதில் அண்ணம் மூடுவதற்கு ஒரு திண்டு போல உதவுகிறது. வேறு காரணத்துக்காக யாராவது அதை அகற்றச் சொன்னால், அண்ணப் பிளவு இருந்ததைச் சொல்லி, அவளைத் தொடர்ந்து பார்க்கும் குழுவைக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. அது வளர்பருவத்தில் தானாகவே சுருங்கும் என்பதால், அப்போதும் குரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அவளுக்கு ஆறு வயது. மிஞ்சியிருப்பது ச மட்டும். மற்ற எழுத்துகளில் கசிவு இல்லாதபோதும், ச-வுக்கு மட்டும் அவள் காற்றை மூக்கில் விடுகிறாள். மூக்கைப் பிடித்தால் ஒலியே நின்றுபோகிறது. ஆகவே இது அண்ணத்தின் குறையால் வருவதன்று, முன்பு கற்றுக்கொண்ட ஒலி, பயிற்சிக்கு உரியது. பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு 'த்-த்-த்' என்று விரைவாகச் சொல்லி, கடைசித் த்-ஐ நீட்டினால் காற்று பல்லிடுக்கில் சீறுகிறது. அங்கிருந்து ச-வுக்கு வருகிறோம். இந்த வாரம் 'சட்டை' பத்தில் எட்டு முறை சரியாக வந்தது. 'பேசு' என்பதில் இன்னும் மூக்கு திறந்துகொள்கிறது; நாளை காலை ஏட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.